விளக்குக்குத் தெரியாத பழுது: டகாட்டா ஏர்பேக்கும் என் பழைய காரும்

காரில் சாவியைத் திருப்பியதும் மீட்டர் போர்டில் ஒரு சிவப்பு உருவம் எரியும். பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆள், அவர் முகத்துக்கு நேரே ஒரு பெரிய பந்து. ஐந்தாறு விநாடியில் தானாக அணைந்துவிடும். அணைந்தால் ஏர்பேக் நன்றாக இருக்கிறது, அணையாமல் நின்றால் ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டும். ஏர்பேக் பராமரிப்பு பற்றி நம்மில் பெரும்பாலோருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எனக்கும் ஆறு வருடம் இவ்வளவுதான் தெரிந்திருந்தது.

2017 கடைசியில் சென்னையில் ஒரு செடான் வாங்கினேன். 2010 மாடல், முதல் சொந்தக்காரர் கையிலிருந்து நேராக. எந்தக் கம்பெனி என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. அந்தச் சிவப்பு விளக்கு ஒருநாள்கூட மக்கர் பண்ணியதில்லை. 2023இல் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்க ஆர்சியைத் தேடி எடுத்தபோது, கையில்தான் இருக்கிறதே என்று சேசிஸ் நம்பரைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் தட்டிப் பார்த்தேன். ஓட்டுநர் பக்க ஏர்பேக்கின் இன்ஃப்ளேட்டரை மாற்ற வேண்டும், இலவசம், இன்னும் மாற்றப்படவில்லை என்று வந்தது. பழுதான பாகத்தை மாற்றத் தயாரிப்பாளரே காரைத் திரும்ப அழைக்கும் இந்த ரீகால் அறிவிக்கப்பட்டது நான் காரை வாங்குவதற்கு முந்தைய வருடம்.

ஏர்பேக்கை விரிய வைக்கும் அந்த இன்ஃப்ளேட்டரைச் செய்தது டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனம். வாகன வரலாற்றின் மிகப் பெரிய ரீகால் அந்தப் பெயரில்தான் நடந்தது. 2004இல் முதன்முதலாகத் தலைகாட்டிய ஒரு கோளாறு பத்தொன்பது வருடம் கழித்தும் என் ஸ்டீயரிங்குக்குள் எப்படி உட்கார்ந்திருந்தது? அதைத் தேடிப் போனதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

சம்படத்துக்குள் என்ன இருக்கிறது

காற்றுப்பை என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்றுகிறது. உள்ளே அடைத்து வைத்த காற்று எதுவும் கிடையாது. ஸ்டீயரிங் நடுவில், ஹார்ன் மூடிக்குப் பின்னால், மடித்த நைலான் பை ஒன்று இருக்கும். அதன் அடியில் குங்குமச் சம்படத்தைவிடச் சற்றுப் பெரிய, வட்டமான எஃகு டப்பா. அதுதான் இன்ஃப்ளேட்டர். அதற்குள் மாத்திரை மாத்திரையாக அழுத்திய வேதிமருந்தும், அதைப் பற்றவைக்க ஒரு சின்ன மின்திரியும் இருக்கின்றன. கார் மோதியதும் சென்சார் தகவல் சொல்கிறது, கட்டுப்பாட்டுப் பெட்டி முடிவெடுக்கிறது, திரி பற்றுகிறது, மருந்து எரிந்து வாயுவாகிப் பை விரிகிறது. பை விரிய ஆகும் நேரம் ஒரு விநாடியில் முப்பதில் ஒரு பங்கு அளவுதான். கண் இமைப்பதற்கு இதைவிட நேரம் ஆகும்.

மருந்து எரிய வேண்டும், வெடிக்கக் கூடாது. தீபாவளி நாளில் புஸ்வாணத்துக்கும் லட்சுமி வெடிக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. புஸ்வாணம் எப்போதாவது படீரென்று வெடித்துச் சட்டி சிதறுவதைப் பார்த்தவர்களுக்கு டகாட்டாவின் கதையைப் பாதி சொன்ன மாதிரி.

டகாட்டா 1933இல் ஜப்பானின் ஷிகா மாகாணத்தில் துணி நெய்யும் தொழிலாகத் தொடங்கியது. போர்க்காலத்தில் பாராசூட் கயிறு, பிறகு சீட் பெல்ட், அப்புறம் ஏர்பேக். துணியிலிருந்து நாடாவுக்கும் நாடாவிலிருந்து பைக்கும் வந்தது இயல்பான வழிதான். பைக்குள் போன மருந்து வேறு துறைச் சமாச்சாரம்.

ஆரம்ப கால ஏர்பேக்குகளில் இருந்தது சோடியம் அசைடு. அது நச்சுப்பொருள் என்பதால் 1990களில் தொழிலே வேறு மருந்துகளுக்கு மாறியது. டகாட்டா முதலில் டெட்ரசோல் என்ற வகைக்குப் போனது. அது நன்றாக வேலை செய்தது, ஆனால் விலை அதிகம். 2000ஐ ஒட்டி அம்மோனியம் நைட்ரேட்டுக்கு மாறினார்கள். உர மூட்டையிலும் சுரங்க வெடிமருந்திலும் இருக்கும் அதே உப்பு. விலை மலிவு, கொஞ்சம் மருந்திலேயே நிறைய வாயு, எரிந்தபின் சாம்பல் குறைவு. போட்டி நிறுவனங்கள் குவானிடின் நைட்ரேட் பக்கம் போயின. அம்மோனியம் நைட்ரேட்டை முக்கிய மருந்தாக வைத்து இந்த அளவுக்கு ஏர்பேக் செய்தது டகாட்டா மட்டும்தான்.

மற்றவர்கள் ஏன் தயங்கினார்கள்? அம்மோனியம் நைட்ரேட்டுக்கு இரண்டு கெட்ட குணங்கள் உண்டு. காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். சூடு ஏறி இறங்கும்போது தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்ளும், அப்போது கன அளவும் மாறும். தூய உப்பில் இப்படி ஒரு மாற்றம் 32 டிகிரி செல்சியஸ் வாக்கில் நடக்கிறது. சென்னையில் மே மாதம் 32 என்பது காலை ஒன்பது மணி. இதை அடக்கத்தான் பொட்டாசியம் நைட்ரேட் சேர்த்து நிலைப்படுத்திய கலவையைப் பயன்படுத்தினார்கள். ஈரம் உள்ளே போகாதவரை அந்த ஏற்பாடு தாங்கியது. ஆனால் டப்பாவின் அடைப்பு வருடக்கணக்கில் ஈரத்தைத் தடுத்து நிறுத்தும் தரத்தில் இல்லை. முதல் தலைமுறை இன்ஃப்ளேட்டர்களில், மாத்திரை டப்பாவில் போடுவார்களே ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம், அந்த மாதிரியான உலர்பொருள்கூட இல்லை.

வெயிலில் நின்ற கார் பகலில் சூடாகும், இரவில் ஆறும். இப்படி ஆயிரக்கணக்கான நாட்கள். ஈரம் கண்ட மாத்திரை உப்பும், சுருங்கும், மறுபடி உப்பும். இறுக்கமாக இருந்தது மெல்ல மெல்லப் பொருபொருவென்று நுண்துளை விழுந்து போகும். விறகுக் கட்டை நின்று எரியும், அதையே தூளாக்கி நெருப்பில் வீசினால் குப்பென்று பற்றும் இல்லையா, அதுதான். துளை விழுந்த மாத்திரையில் எரியும் பரப்பு அதிகம், அதனால் வாயு நினைத்ததைவிட வேகமாகக் கிளம்புகிறது, எஃகு டப்பா அந்த அழுத்தம் தாங்காமல் உடைகிறது. உடைந்த சில்லுகள் பையைக் கிழித்துக்கொண்டு நேரே வருவது ஓட்டுபவரின் கழுத்துக்கும் முகத்துக்கும்.

நமத்துப்போன பட்டாசு வெடிக்காது என்பது நம் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். இந்த மருந்து நமத்தால் கூடுதலாக வெடித்தது. பொறியாளர்களே இதை ஏற்றுக்கொள்ள இத்தனை வருடம் ஆனதற்கு இந்தத் தலைகீழ்த்தனமும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. முக்கியமான காரணம் வேறு, அதற்கு வருகிறேன்.

ஒவ்வொரு முறையும் ஒரு புது விளக்கம்

2004இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஒரு ஹோண்டா அக்கார்டின் ஏர்பேக் சில்லுகளை வீசி ஓட்டுநரைக் காயப்படுத்தியது. ஏதோ அபூர்வமாக நடந்தது என்று அதை ஒதுக்கி வைத்தார்கள். 2008 நவம்பரில்தான் முதல் ரீகால், சுமார் 4,000 கார்கள். 2009 மே மாதம் ஓக்லஹோமாவில் ஒரு வாகன நிறுத்துமிடத்தில் நடந்த சின்ன மோதலில் ஓர் இளம்பெண் இறந்தார். பம்பர் நசுங்குவதோடு முடிந்திருக்க வேண்டிய மோதல். 2014இல் புளோரிடாவில் இறந்த ஒரு பெண்ணின் கழுத்துக் காயத்தைப் பார்த்துவிட்டு, யாரோ கத்தியால் குத்தியிருக்கிறார்கள் என்றுதான் போலீஸார் முதலில் விசாரித்தார்கள்.

இதற்கு நடுவே ரீகால் பட்டியல் நீண்டுகொண்டே போனது. ஒவ்வொரு நீட்சிக்கும் ஒரு தனி விளக்கம் இருந்தது. ஒருமுறை, தொழிற்சாலையில் மருந்து ஈரத்தில் கிடந்துவிட்டது என்றார்கள். இன்னொரு முறை, வாஷிங்டன் மாநிலத்து மோசஸ் லேக் ஆலையில் மாத்திரை அழுத்தும் இயந்திரத்தில், சரியாக அழுந்தாததைத் தானே கழித்துப்போடும் வசதியை யாரோ அணைத்து வைத்துவிட்டார்கள் என்றார்கள். 2013 ஏப்ரலில் டொயோட்டா, ஹோண்டா, நிசான், மாஸ்டா எல்லாம் சேர்ந்து சுமார் 34 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது அந்த விளக்கத்தின் பேரில்தான்.

விளக்கங்களில் பொய் எவ்வளவு, உண்மை எவ்வளவு என்பது ஒருபுறம் இருக்கட்டும். அவை எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் குணம் இருந்தது. 'இந்தத் தேதியிலிருந்து அந்தத் தேதிவரை, இந்த ஆலையில் செய்தது மட்டும் மோசம்' என்று எல்லை கட்டிவிட முடிந்தது. எல்லைக்கு வெளியே இருக்கும் கோடிக்கணக்கான கார்கள் நல்ல கார்கள் ஆகிவிடும். அன்று செய்யும்போது நன்றாகவே இருந்த டப்பா, பத்து வருடம் கழித்துத் தானாகவே கெட்டுப்போகும் என்று ஒப்புக்கொண்டால் எல்லை கட்ட முடியாது. அந்த ஒப்புதல் 2015 மே மாதம்தான் வந்தது, அமெரிக்காவில் மட்டும் சுமார் 3.4 கோடி வாகனங்களுக்கு. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு டகாட்டாவுக்கு 20 கோடி டாலர்வரை அபராதம் விதித்தது. 2016இல், உலர்பொருள் இல்லாத முன்பக்க இன்ஃப்ளேட்டர் அனைத்தையும் மாற்ற வேண்டும் என்று விரிவாக்கினார்கள். அமெரிக்காவில் மொத்தம் ஏறத்தாழ 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்கள், உலகம் முழுவதும் சுமார் 10 கோடி. அமெரிக்காவில் மட்டும் 25 பேருக்கு மேல் இறந்தார்கள்.

சோதனை முடிவுகளைத் திருத்திக் கார் நிறுவனங்களிடம் கொடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டை 2017இல் நீதிமன்றத்தில் டகாட்டா ஒப்புக்கொண்டது. மொத்தம் 100 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. அதே ஆண்டு ஜூனில் திவால். மறு ஆண்டு அதன் பெரும்பகுதி சீன நிறுவனம் ஒன்றின் கீழ் இருந்த போட்டி நிறுவனத்துக்குக் கைமாறியது.

கூத்து என்னவென்றால், மாற்றுவதற்குப் போதிய உதிரிப்பாகம் இல்லாததால் பல கார்களில் பழைய டகாட்டா இன்ஃப்ளேட்டரைக் கழற்றிவிட்டுப் புது டகாட்டா இன்ஃப்ளேட்டரையே போட்டார்கள். அதே மருந்து, வயது மட்டும் குறைவு. கெட்டுப்போகச் சில வருடம் ஆகும், அதற்குள் வேறு வகை கிடைத்துவிடும் என்ற கணக்கு. அந்தக் கார்க்காரர்கள் எல்லோரும் இரண்டாம் முறையும் வர வேண்டியிருந்தது.

வெக்கையின் வரைபடம்

எந்த இடத்துக் கார்களை முதலில் சரிசெய்வது என்று தீர்மானிக்க அமெரிக்காவை மூன்று மண்டலமாகப் பிரித்தார்கள். புளோரிடா, லூசியானா, டெக்சஸ், ஹவாய், போர்ட்டோ ரிக்கோ போன்ற புழுக்கமான பகுதிகள் முதல் மண்டலம். குளிர் மாநிலங்கள் கடைசி. கெட்டுப்போகும் வேகத்தை ஈரமும் வெயிலும் தீர்மானித்ததால், பழுதின் வரைபடம் தட்பவெப்ப வரைபடமாகவே ஆகிவிட்டது. முதல் மண்டலத்தில் கிடந்த 2001–2003 மாடல் ஹோண்டா, அக்யூரா கார்கள் சிலவற்றில், மோதினால் டப்பா உடைவதற்கான வாய்ப்பு ஐம்பது சதவீதம்வரை இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தது. 2016இல் அவற்றை ஓட்டவே வேண்டாம் என்று அரசே சொல்லியது.

அமெரிக்காவுக்கு வெளியே முதல் மரணம் 2014இல் மலேசியாவில். பிரான்ஸில் இறந்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பாவில் இருக்கும் தலைநில பிரான்ஸில் இல்லை, அதன் கடல்கடந்த வெப்பப் பகுதிகளில். கரும்புத் தோட்ட வேலைக்கு நம் கரையிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் வாரிசுகள் வாழும் ரீயூனியனும் குவாதலூப்பும் அந்தப் பகுதிகளில் சேர்ந்தவை. 2025 ஜூனில் ரெய்ம்ஸ் நகரப் பகுதியில் ஒரு பெண் இறந்த பிறகுதான், தலைநில பிரான்ஸ் முழுவதிலும் ரீகாலில் இருந்த சிட்ரோயன் சி3, டிஎஸ்3 கார்களை ஓட்டாமல் நிறுத்தி வைக்கச் சொன்னார்கள்.

நமக்கு இப்படி ஒரு மண்டல வரைபடம் யாரும் போட்டுக் கொடுக்கவில்லை. போட்டிருந்தால் சென்னையும் கடலூரும் நாகப்பட்டினமும் தூத்துக்குடியும் முதல் மண்டலத்தில்தான் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. என் காருக்கு ஷெட் கிடையாது. வேப்பமரம் ஒன்று உண்டு, அதன் நிழல் மதியம் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

இந்தியாவில் ஹோண்டா 2016 ஜூலையில் 1,90,578 கார்களைத் திரும்ப அழைத்தது. அதன்பிறகும் 2017, 2018 தொடக்கங்களில் இன்னும் சில பத்தாயிரங்கள். மற்ற ஜப்பானிய நிறுவனங்களும் அறிவித்தன. அப்போது ரீகால் என்பது வாகனத் தயாரிப்பாளர் சங்கம் 2012இல் கொண்டுவந்த தன்னார்வ ஏற்பாடு மட்டும்தான். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் திருத்தம் வந்து, 2021 ஏப்ரல் முதல்தான் அரசே கட்டாய ரீகால் உத்தரவிட முடிந்தது. அபராதம் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய்வரை. நல்லதுதான். ஆனால் அந்த விதி ஏழு வருடத்துக்கு உட்பட்ட வாகனங்களுக்கு மட்டும். வயதானால் மட்டுமே வெளியே தெரியும் ஒரு கோளாறு, ஏழாவது பிறந்தநாளோடு சட்டத்தின் கண்ணிலிருந்து மறைந்துவிடும் என்பது எனக்கு உறுத்துகிறது.

ஆஸ்திரேலியா வேறு மாதிரி செய்தது. 2018இல் கட்டாய ரீகால், 2020 டிசம்பர் 31 கெடு, சுமார் 30 லட்சம் வாகனங்கள். கடிதம், போன், வீட்டுக்கே ஆள், கடைசியில் சரிசெய்யாத காரின் பதிவையே நிறுத்தி வைப்பது என்று ஒவ்வொரு காரையும் துரத்திப் பிடித்தார்கள். கெடு முடிந்தபோது கணக்கில் வராமல் நின்றவை மிகக் கொஞ்சம்.

மேசையில் வைத்த விதம்

சர்வீஸ் சென்டரில் இன்ஃப்ளேட்டர் வர மூன்று வாரம் ஆனது. வேலை அரை மணி நேரம்தான். அந்த அரை மணி நேரமும் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

வேலை செய்த பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றினான். பிறகு ஒன்றுமே செய்யவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். மோதலில் பேட்டரியே அறுந்துபோனாலும் பை விரிய வேண்டும் என்பதற்காகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் கெப்பாசிட்டரில் கொஞ்சம் மின்சாரம் சேமித்து வைத்திருக்கும். அது வடிய நேரம் கொடுக்க வேண்டும். மூன்று நிமிடம் காத்திருந்தான். பக்கத்து காரில் வேலை நடந்த இடத்திலிருந்து யாரோ சீக்கிரம் முடிடா என்று கத்தினார்கள், அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

ஸ்டீயரிங்கின் பின்பக்கம் போல்ட்டுகளைத் தளர்த்தியதும் நடு மூடி கையோடு வந்தது. பின்னால் மஞ்சள் ஒயர், மஞ்சள் கப்ளர். ஏர்பேக் சம்பந்தப்பட்ட ஒயரிங்குக்கு மஞ்சள் நிறம் கொடுப்பது கார் உலகத்தில் பொது வழக்கம், தெரியாமல் யாரும் கை வைத்துவிடக் கூடாது என்பதற்காக. கப்ளரை உருவிக் காட்டினான். உள்ளே முடி கனத்தில் ஒரு ஸ்பிரிங் தகடு இருந்தது. கப்ளர் கழன்றதும் அந்தத் தகடு இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் பட்டுத் திரி பற்றிவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு.

கழற்றிய மூடியை உடம்பிலிருந்து தள்ளி, பைப்பக்கம் வெளியே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு நடந்து போய், மேசையில் கம்பெனிச் சின்னம் மேலே தெரியும்படி வைத்தான். ஏன் அப்படி என்று கேட்டேன்.

"குப்புற வெச்சு அது பத்திக்கிச்சுன்னா, மூடியோட சேர்ந்து கூரைக்குப் போயிரும் சார். இப்படி வெச்சா பை மட்டும்தான் மேல போகும்."

"இவ்வளவு நாளா லைட்டு எதுவும் எரியலையே தம்பி?"

"லைட்டுக்கு ஒயரு மட்டும்தான் சார் தெரியும். மருந்து தெரியாது."

நான் வாரக்கணக்கில் படித்ததை அவன் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டான்.

பின்பக்க நட்டுகளைக் கழற்றி எஃகு டப்பாவை எடுத்தான். பார்க்கப் புதுசு போலவே இருந்தது. துரு இல்லை, கீறல் இல்லை. புதியதன் பார்கோடை ஸ்கேன் செய்து என் சேசிஸ் நம்பரோடு சேர்த்தான். பழையதைத் தனி அட்டைப்பெட்டியில் வைத்துச் சீட்டு ஒட்டினான். காயலான் கடைக்குப் போகக்கூடாத சரக்கு அது. எல்லாம் மாட்டி, பேட்டரியை இணைத்து, தலையைக் காருக்கு வெளியே வைத்துக்கொண்டு கையை மட்டும் நீட்டிச் சாவியைத் திருப்பினான். சிவப்பு உருவம் எரிந்தது, அணைந்தது. நேற்று எரிந்து அணைந்த மாதிரியே.

விளக்கு எதைப் பார்க்கிறது

கட்டுப்பாட்டுப் பெட்டி ஒவ்வொரு ஏர்பேக் சுற்றுக்குள்ளும் திரியைப் பற்றவைக்காத அளவுக்கு மிகச் சின்ன மின்னோட்டம் அனுப்பி மின்தடையை அளக்கும். இரண்டு ஓம் அளவில் இருந்தால் திருப்தி. கூடினால், குறைந்தால், அறுந்திருந்தால் விளக்கு எரியும். அதனால் விளக்கு எரியும் கேஸ்களில் முக்கால்வாசி ஒயர் சம்பந்தப்பட்டவை. ஸ்டீயரிங் திரும்பும்போது கூடவே சுருண்டு விரியும் ஸ்பைரல் கேபிள் அறுந்திருக்கும், அப்போது பெரும்பாலும் ஹார்னும் ஸ்டீயரிங் பட்டன்களும் சேர்ந்தே படுத்துவிடும். அல்லது சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கப்ளர் தளர்ந்திருக்கும், அங்கே குடையையோ தண்ணீர் பாட்டிலையோ திணித்ததால். ஸ்கேனர் போட்டால் எந்தச் சுற்று என்று சொல்லிவிடும். ஏர்பேக்கை நேரடியாக மல்டிமீட்டரால் அளக்க முயல்பவரிடம் மட்டும் காரை விடாதீர்கள். மீட்டர் அனுப்பும் மின்னோட்டமே திரிக்குப் போதுமானதாக இருக்கக்கூடும்.

விளக்கை ஏமாற்றுவதும் இதே காரணத்தால்தான் எளிது. விபத்தில் பை விரிந்த காரைத் தேற்றி விற்பவர்கள் புது ஏர்பேக் போடாமல், இரண்டு ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சொருகி மூடியை ஒட்டிவிடுவது உலகம் முழுக்க நடக்கும் தில்லுமுல்லு. பத்து ரூபாய்கூட ஆகாது. பெட்டி திருப்தி, விளக்கு அணையும். பழைய கார் வாங்கும்போது விளக்கு அணைகிறதா என்று மட்டும் பார்க்காமல், சாவி திருப்பியதும் எரிகிறதா என்றும் பாருங்கள். எரியவே இல்லையென்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம். வேறொரு விளக்கோடு துல்லியமாகச் சேர்ந்தே அணைந்தால், இரண்டையும் ஒயரால் ஜோடி சேர்த்திருக்கலாம். டேஷ்போர்டு மூடியின் ஓரம் ஒட்டுப்போட்டது மாதிரி இருக்கிறதா, சீட் பெல்ட் இழுத்தால் தானாகத் திரும்பப் போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பெல்ட்டை இறுக்கும் பிரிடென்ஷனரிலும் இதே மாதிரி மருந்து உண்டு. விபத்தில் அது ஒருமுறை வேலை செய்துவிட்டால் பெல்ட்டையும் சேர்த்து மாற்றியாக வேண்டும்.

காயலான் கடையில் கிடைக்கும் ஏர்பேக்கும் விளக்கைத் திருப்திப்படுத்தும். 2017இல் லாஸ் வேகாஸில் ஒரு 2002 அக்கார்டில் சில்லுகளைச் சிதறடித்தது, வேறொரு காரிலிருந்து கழற்றிப் பொருத்தியிருந்த டகாட்டா ஏர்பேக். காரின் சேசிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்தாலும் அந்த டப்பாவின் கதை தெரிந்திருக்காது.

சென்னைக்காரர்களுக்கு இன்னொன்று. பல கார்களில் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருப்பது கியர் கன்சோலுக்கு அடியில், தரையோடு தரையாக. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் கார்ப்பெட்டுக்கு மேல் தண்ணீர் ஏறிய கார்களில் முதலில் நனைந்த சாமான்களில் அதுவும் ஒன்று. காய்ந்தபின் சில மாதம் ஒழுங்காக இருந்துவிட்டு, பிறகு முனைகளில் பச்சை பூக்கும். வெள்ளத்தில் நின்ற காரென்றால் கன்சோலைத் திறந்து அந்தப் பெட்டியின் கப்ளரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். இன்ஷூரன்ஸில் சீட் கவரும் கார்ப்பெட்டும் மாற்றுவார்கள், இது விட்டுப்போகும்.

எங்கள் காரில் டேஷ்போர்டின் இடப்பக்கம் அம்மா ஒட்டிய பிள்ளையார் இருந்தார். அந்தப் பையன் தயங்கித் தயங்கித்தான் சொன்னான், அவர் உட்கார்ந்திருப்பது பயணி ஏர்பேக் மூடியின் மேல் என்று. கிழியும் கோட்டில் சரியாக நடுவில். இப்போது அவர் மீட்டருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த மேடைக்கு இடம் மாறிவிட்டார். பழைய இடத்தில் இரட்டைப்பக்க டேப்பின் கறை இன்னும் போகவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு முதல் சொந்தக்காரருக்கு ஒரு போன் போட்டேன். நம்பர் 2017இலிருந்து என்னிடம் இருந்தது. நல்ல மனிதர், காரை அவ்வளவு சுத்தமாக வைத்திருந்தார். ரீகால் பற்றிக் கேட்டதும் உடனே ஞாபகம் வந்துவிட்டது அவருக்கு.

"ஆமா சார், லெட்டர் வந்துச்சு. ரெண்டு தடவை வந்துச்சு. லைட்டு எதுவும் எரியலையேன்னு விட்டுட்டேன்."